முதல் பார்வை விழுந்த இடம்

மல்லசமுத்திரத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போனதும் கோழித் தீவனத்தின் வாடை அடித்தது. மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் வெயிலில் வெந்த வாடை. தமிழரசு பைக்கின் வேகத்தைக் குறைத்தான். தார் ரோட்டிலிருந்து மண்பாதை பிரிந்தது. அதன் முடிவில் நீளநீளமாக ஆறு கொட்டகைகள். கொட்டகைகளுக்கு முன்னால், எவர்சில்வர் கம்பி போட்ட மாடி வீடு.

முதுகில் வரைபலகை. பெட்ரோல் டேங்கின் மேல் கட்டிய மரப்பெட்டியில் நூற்றிருபது பாஸ்டல் குச்சிகள். இவ்வளவுதான் அவன் தொழில்.

கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். வயது முப்பத்திரண்டு. ஐந்து வருடமாக சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே வீடு வீடாகப் போய் முகங்களை வரைந்துகொடுத்தான். பெரும்பாலும் செத்தவர்களின் முகங்கள். வருஷம் திரும்பும்போது படத்திறப்பு வைப்பார்கள். போட்டோவைப் பெரிதாக்கினால் முகம் பெரிதாகிறதே தவிர ஆள் வருவதில்லை என்று திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர் சொன்னார். அவர் சொல்லி நாலு பேர் கூப்பிட்டார்கள். அந்த நாலு பேர் சொல்லி நாற்பது பேர்.

பாஸ்டலில் எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை. வெறும் நிறத்தூள். சொரசொரப்பான தாளில் விரலால் தேய்த்து ஏற்ற வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும்வரை ஒரு குழந்தையின் கை பட்டால் போதும், முகம் போய்விடும்.

அறுபதுக்கு மேல் வரைந்துவிட்டான். வரையாத முகம் ஒன்றுதான். மைதிலி. அவன் மனைவி. டெங்குக் காய்ச்சல், நாலு நாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

மகள் கனிஷ்காவை அவனுடைய அக்கா தனப்பிரியா சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டு ஹாலில் மைதிலியின் படத்துக்கென்று அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. நான் வரைகிறேன், அதுவரை போட்டோ எதுவும் மாட்டாதே என்று சொல்லிவிட்டான். வரைய உட்காரும்போதெல்லாம் கை நின்றுவிடும். நாலு வயது கனிஷ்கா ஒரு நாள் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே, அம்மா மூஞ்சி எப்படிப்பா இருக்கும் என்று கேட்டாள். மறுநாள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ராசப்பன் வாசலில் நின்றிருந்தார். பண்ணைக்காரர். அறுபது இருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். வாங்க என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி பொன்னாயிதான் மோர் கொடுத்தாள், விவரம் சொன்னாள். மருமகள் அபிநயா போய் வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். அன்றைக்குக் காலையில் படத்திறப்பு. வேலைக்கு நாலு நாள் இருக்கிறது. வீட்டில் அவள் இருந்த அறையிலேயே வரையலாம். சாயங்காலம் ஆறு மணிக்குமுன் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

"படம் நீங்க எப்பிடி வேணாலும் வரைங்க சாமி," என்றாள் பொன்னாயி. "கண்ணு மட்டும் வெள்ளிக்கெழம காத்தால நாங்க சொல்றப்பத்தான் தொறக்கோணும். மொதப் பார்வை கண்ணாடி மேலதான் உழுவோணும்."

கோயில் சிலைகளுக்குக் கண் திறக்கும்போது அப்படிச் செய்வதை அவன் பார்த்திருக்கிறான். முதல் பார்வைக்குக் கண்ணாடியைக் காட்டுவார்கள். பசுவும் கன்றும் காட்டுவார்கள், நெல் குவியல் காட்டுவார்கள். ஆட்கள் எதிரில் நிற்கமாட்டார்கள். செத்த மனுஷியின் படத்துக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏனுங்கம்மா, மனுசங்க படத்துக்கும் அப்பிடிங்களா?"

"இந்த ஊட்டுக்கு அப்பிடித்தானுங்க." அவள் புருஷனைப் பார்த்தாள். ராசப்பன் கொட்டகைகளைப் பார்த்தார். "அவ தன்னையே பாத்துக்கிட்டா அந்தப் படத்துலயே இருந்துக்குவா. அப்பிடின்னு சொல்லியிருக்கறாங்க."

யார் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. கண்ணின் கருமணியில் வைக்கும் வெள்ளைப் புள்ளியை எப்படியும் அவன் கடைசியில்தான் வைப்பான். அந்தப் புள்ளி விழும்வரை எந்த முகமும் மண்தான்.

பொன்னாயி டம்ளரை வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

"உங்களுக்குக் கொழந்தைங்க இருக்குதுங்களா?"

"ஒரு பொண்ணுங்க. நாலு வயசு."

"இங்க கூட்டிட்டு வந்துராதீங்க சாமி," என்றாள் அவள்.

*

அறை வடக்குப் பார்த்தது. நல்ல வெளிச்சம். கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. பீரோவின் கண்ணாடியைத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முதல் கொட்டகை. ஒரு கொட்டகைக்குப் பத்தாயிரம் கோழி. அவற்றின் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல. அரை மணி நேரத்தில் காது அதை மறந்துவிட்டது.

போட்டோக்களில் தோல் நிறம் சரியாக வராது. அதனால் செத்தவரின் ரத்த உறவில் ஒருவரை ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்து நிறம் பார்த்துக்கொள்வது அவன் வழக்கம். அபிநயாவுக்கு ஒரு தங்கை உண்டு. அவள் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனவே அபிநயாவின் கணவன் சரவணக்குமார் அனுப்பிய படங்கள்தான் கதி. அவன் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் இருந்தான். வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

முப்பத்தொரு படங்கள். ஒன்றில்கூட அபிநயா தனியாக இல்லை. எல்லாவற்றிலும் ஒரு பெண் குழந்தை. இடுப்பில், மடியில், கழுத்தைக் கட்டிக்கொண்டு. முகம் தெளிவாக இருந்த படத்தில் அபிநயா சிரித்தாள். குழந்தை சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. அதன் கை மட்டும் அவளுடைய இடது கன்னத்தில் பதிந்திருந்தது.

அந்தக் கையை விட்டுவிட்டு வரைய வேண்டும். கைக்கு அடியிலிருந்த கன்னத்தை அவனே உண்டாக்க வேண்டும்.

மஞ்சள் காவி, செங்கல் சிவப்பு, அதன்மேல் மிக லேசாகப் பச்சை. அவளுடைய நிறம் அப்படித்தான் பிடிபட்டது. பெட்டியில் அந்தக் கலவையை அவன் வேறு எந்த முகத்துக்கும் செய்ததில்லை. சாயங்காலத்துக்குள் நெற்றியும் மூக்கும் கன்னங்களும் வந்துவிட்டன. படத்தின்மேல் துணியைப் போர்த்தினான். பொன்னாயி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் திருச்செங்கோட்டு லாட்ஜுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் துணியை எடுத்தான்.

இடது கன்னத்தில் நிறம் இல்லை.

முழுக் கன்னத்திலும் அல்ல. நாலு பட்டைகள், ஒரு சின்னப் பட்டை. வெறும் தாள்.

தாள் வாங்கிய கடையில் யாராவது எண்ணெய்க் கையால் தாளைத் தொட்டிருப்பார்கள். அந்த இடத்தில் தூள் ஒட்டாது. இப்படி முன்பும் நடந்திருக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தான். மறுபடி நிறம் ஏற்றினான். ஒட்டியது.

புதன்கிழமை காலையில் மறுபடி அதே இடம் வெறுமையாக இருந்தது.

அவன் தன் விரல்களைப் படாமல் அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவனுடைய விரலில் பாதி நீளம். கனிஷ்காவின் கை அளவு.

பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பதினான்கு மாதங்களாக அங்கே எதுவும் வருவதில்லை. கன்னத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு உதடுகளைத் தொடங்கினான்.

*

பதினொரு மணிக்கு டீ கொண்டுவந்தவன் அன்பு. பண்ணையில் முட்டை ஏற்றுமதியைப் பார்ப்பவன். நாற்பது வயது, தொப்பை, காதில் சொருகிய பேனா. கொட்டகைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, தன் படத்தையும் ஒன்று வரைந்துவைக்கச் சொன்னான். "செத்ததுக்கப்புறம் போட்டோ தேடுனா நம்மூட்டுக்காரி ஆதார் அட்டயத்தான் குடுப்பா. அந்த மூஞ்சிக்கு யாருங்க மாலை போடுவாங்க?"

தமிழரசு சிரித்துவைத்தான். கொட்டகைகளுக்குப் பின்னால் வரிசையாக எட்டு வீடுகள் இருந்தன. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வாசலில் குழந்தைகளின் செருப்பு ஒன்று, ஒற்றையாக. யார் குடியிருந்தார்கள் என்று கேட்டான்.

அன்பு வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசினான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். மூன்று மாதத்துக்குமுன் ராசப்பனே எல்லோரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். இப்போது குழந்தை இல்லாத ஆட்களாகப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறார். அபிநயாவின் பாப்பா மூளைக் காய்ச்சலில் போய்விட்டது. நாலு வயது. அதற்குப் பிறகு அபிநயா மத்தியானம் ஆனால் அந்த எட்டு வீட்டுக் குழந்தைகளைத் தன் அறைக்குக் கூட்டிப்போவாள். சோறு ஊட்டுவாள், பாப்பாவின் கவுனைப் போட்டுவிடுவாள், ரெட்டைச் சடை பின்னிவிடுவாள். பாவம் என்று யாரும் தடுக்கவில்லை. போகப்போகத் தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது மாதத்தில் அவளும் போனாள்.

"போனதோட முடிஞ்சிருந்தா செரி," என்றான் அன்பு. அவன் குரல் இறங்கியது. "போன மாசி மாசம் ரெண்டு புள்ளைங்களக் காணோம். ஊரெல்லாம் தேடறோம். பொன்னாயக்கா அந்த அறைய வெளிய பூட்டுன பூட்டு பூட்டுனபடி இருக்குது. தொறந்தா ரெண்டும் உள்ள கட்டல்ல உக்காந்திருக்குதுங்க. ரெட்டைச் சடை. ரிப்பன் வெச்சு."

"அப்புறம்?"

"பெத்தவ வந்து கூப்புடறா. அதுல ஒண்ணு அவளப் பாத்து, நீ யாருன்னு கேட்டுச்சுங்க."

அவன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு தனப்பிரியாவின் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு எல்கேஜி விட்டு வந்ததும் கனிஷ்கா கூப்பிடுவாள். அவன் தினமும் செய்வதுபோல அதை வெட்டிவிட்டு, வேலை என்று செய்தி அனுப்பினான். மகளின் முகத்தைப் பார்த்தால் மைதிலியின் நெற்றி தெரியும். அதனால்தான் எடுப்பதில்லை என்று அக்காவிடம் சொன்னதில்லை.

தனப்பிரியா பதிலுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "டேய் அரசு, அவ முடிய சீவவே விடமாட்டேங்கறா. மைதிலி பின்னுன மாதிரி வேணுமாம். சிக்குப் புடிச்சுக் கெடக்கு. நீ அவ படத்த வரைஞ்சு தொலையேன்டா. அம்மா மூஞ்சி மறந்துட்டே வருது அவளுக்கு."

அவன் அதை இரண்டுமுறை கேட்டான். ஜன்னலுக்கு வெளியே மழைபோன்ற சத்தம்.

பிறகு அந்தச் சத்தம் நின்றது.

பத்தாயிரம் கோழிகள். ஒன்றும் கூவவில்லை. ஒன்றும் கூண்டைக் கொத்தவில்லை. தண்ணீர்க் குழாயில் சொட்டு விழுவது கேட்டது.

அறையில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. புதிதாகத் தலைக்கு வைத்த எண்ணெய்.

ஒரு நிமிஷம் இருக்கும். மறுபடி சத்தம் தொடங்கியது.

*

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் படம் முடிந்துவிட்டது. கன்னத்தில் அந்த ஐந்து பட்டைகள் மட்டும் பாக்கி. கண்களில் புள்ளி பாக்கி.

புள்ளியை வைத்துப் பார்த்துவிட்டுத் துடைத்துவிடுவது அவன் பழக்கம். முகத்துக்கு முன்னால் நாலு நாள் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. படத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து தோளுக்கு மேலே உயர்த்திப் பிடிப்பான். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படம் இடவலம் மாறித் தெரியும். கோணல் இருந்தால் உடனே பிடிபடும். அறுபது படங்களுக்கும் அப்படித்தான் செய்தான். புள்ளி இல்லாமல் பார்த்தால் பார்வையின் போக்கு தெரியாது. வைப்பான், பார்ப்பான், விரலால் துடைத்துவிடுவான். மறுநாள் வீட்டார் முன்னால் திரும்ப வைப்பான்.

பொன்னாயி சொன்னது ஞாபகம் இருந்தது. துடைக்கத்தானே போகிறோம் என்று நினைத்தான். போன் திரையும் ஒரு கண்ணாடிதான் என்றும் நினைத்தான்.

வெள்ளைக் குச்சியின் முனையை உடைத்தான். வலது கண்ணில் ஒன்று. இடது கண்ணில் ஒன்று.

திரும்பி நின்றான். போனை உயர்த்தினான்.

திரையில் அவன் தோள். தோளுக்கு மேலே அபிநயா.

முகம் சரியாக இருந்தது. தாடை சரி. மூக்கு சரி. பார்வையும் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாக ஒரு பார்வையை அவன் இதுவரை வரைந்ததில்லை.

வெளியே கோழிகளின் சத்தம் நின்றது.

தேங்காய் எண்ணெய் வாசம், கழுத்துக்குப் பின்னால்.

போன் அதிர்ந்தது. மணி பன்னிரண்டரை. படம் பிடிக்க வைத்திருந்த கட்டைவிரல் திரையிலேயே இருந்தது. அழைப்பு ஏற்றுக்கொண்டது.

கனிஷ்காவின் முகம் திரை முழுக்க நிறைந்தது. சிக்குப் பிடித்த முடி கண்ணில் விழுந்து கிடந்தது. அப்பா எடுத்துவிட்டார் என்பதை நம்பாதவள்போல வாயைத் திறந்தாள். அப்புறம் அவள் பார்வை அவனை விட்டு நகர்ந்தது. அவன் தோளுக்கு மேலே போனது.

"அப்பா, பின்னாடி யாரு?"

"படம் கண்ணு. அப்பா வரைஞ்ச படம்."

"இல்லப்பா." அவள் முடியைக் கண்ணிலிருந்து ஒதுக்கிக்கொண்டாள். "அவங்க என்னப் பாக்குறாங்க."

அவனால் திரும்ப முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை. மூலையில், சின்னக் கட்டத்துக்குள், அவனும் அவன் தோளும் தெரிந்தன. தோளுக்கு மேலே இருந்த முகம் அந்தச் சின்னக் கட்டத்தில் பொட்டளவுதான் இருந்தது.

அது சிரித்துக்கொண்டிருந்தது. சிரிக்கிற படத்தைத்தானே வரைந்தோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

கனிஷ்கா யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில்போலத் தலையாட்டினாள். "கனிஷ்கா," என்று தன் பெயரைச் சொன்னாள்.

அழைப்பு அறுந்தது.

அவன் திரும்பினான். படம் படமாக இருந்தது. சட்டென்று இரண்டு புள்ளிகளையும் விரலால் துடைத்தான். துடைத்தபிறகுதான் கன்னத்தைப் பார்த்தான்.

ஐந்து பட்டைகளும் இல்லை. கன்னம் முழுமையாக நிறம் ஏறியிருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

கொட்டகையில் சத்தம் தொடங்கியது.

நடந்ததைப் பொன்னாயியிடம் சொல்லியிருக்க வேண்டும். சமையலறை வாசல்வரை போனான். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டான்.

*

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குப் பொன்னாயி முகம் பார்க்கும் கண்ணாடியைப் படத்துக்கு எதிரே பிடித்தாள். ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தமிழரசு பக்கவாட்டில் நின்று இரண்டு புள்ளிகளையும் வைத்தான். சூடம் காட்டினார்கள். சட்டத்துக்குள் வைத்து மாலை போட்டார்கள். ராசப்பன் முதல்முறையாக அவன் தோளில் தட்டி, நல்லாப் பண்ணிட்டீங்க என்றார்.

சரவணக்குமார் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். இரண்டு ராத்திரி லாரியில் வந்த கண்கள் சிவந்திருந்தன. பைக் வரை கூடவே வந்து, பெட்டியைக் கட்ட உதவினான்.

"அவதானுங்க," என்றான். "அச்சு அசல் அவதான். ஆனா என்னமோ, ஆளு ஊட்ல இல்லாத மாதிரி இருக்குது."

தமிழரசு வண்டியை எடுத்தான்.

அடுத்த வேலை தம்மம்பட்டியில். ஒரு மளிகைக்கடைக் குடும்பம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்த படம். ஒன்பது நாள் இழுத்தது. முதல் இரண்டு நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். கனிஷ்கா விளையாடுகிறாள், வரமாட்டேன் என்கிறாள் என்றாள் தனப்பிரியா. அவள் குரலில் நிம்மதி இருந்தது. இப்போதெல்லாம் அழுகை இல்லை, சோறு நன்றாக இறங்குகிறது, பொம்மைகளோடு பேசிக்கொண்டே இருக்கிறாள். அம்மாவைக் கேட்பதே இல்லை.

எட்டாம் நாள் பொன்னாயி கூப்பிட்டாள்.

"உங்களுக்குக் கையெடுத்துக் கும்புடோணும் சாமி. ஊட்ல ஒரு தொல்லையுமில்லீங்க. மத்தியானம் கோழிச் சத்தம் நிக்கறதில்ல. அந்த வாசமும் இல்ல. பீரோ துணியக்கூட அவுத்துட்டனுங்க. எங்கயோ நிம்மதியாப் போய்ச் சேந்துட்டா."

அவன் மறுநாள் கையில் இருந்த படத்தை மத்தியானத்துக்குள் முடித்துக்கொடுத்துவிட்டு சேலத்துக்குக் கிளம்பினான். ஆத்தூர் தாண்டியபோது சட்டென்று பிரேக்கைப் பிடித்தான். ஓரமாக நிறுத்தினான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த பயம் அது. வந்ததும் மொத்தமாக வந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. தனப்பிரியா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கனிஷ்கா ஹாலில், வெறும் ஆணிக்குக் கீழே, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ரெட்டைச் சடை. நேர்வகிடு. ஒரு முடிகூடத் தப்பாமல் இழுத்துப் பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டியது.

அவன் நேராகச் சமையலறைக்குப் போனான். யார் பின்னிவிட்டது என்று கேட்டான்.

"ஸ்கூல் மிஸ்ஸுதான்டா. தெனமும் பின்னி அனுப்புறாங்க. அவங்ககிட்ட மட்டும் எப்பிடித்தான் காட்றாளோ."

"அக்கா," என்றான் தமிழரசு. "இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தனப்பிரியா அதை நிறுத்தவில்லை.

அவன் திரும்பிப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தான். சடையைத் தொட்டான். விரலில் தூள் ஒட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். மஞ்சள் காவி. செங்கல் சிவப்பு. மிக லேசாகப் பச்சை.

பலகையை ஹாலிலேயே பிரித்தான்.

தனப்பிரியா தன் போனில் இருந்த மைதிலியின் படத்தை எடுத்து நீட்டினாள். அவன் ஒருமுறைதான் பார்த்தான். அதற்குமேல் தேவைப்படவில்லை. கை நிற்கவில்லை. நெற்றி வந்தது. சிரிக்கும்போது சற்றே மேலே ஏறும் இடது புருவம் வந்தது. உதட்டோரத்து மச்சம் வந்தது. அழுதுகொண்டே வரைந்தான். கண்ணீர் தாளில் விழாமல் முகத்தைத் திருப்பித் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டான். தனப்பிரியா சுவரோடு சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். கனிஷ்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. பொம்மைக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு முகம் முடிந்தது. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

தனப்பிரியா உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்தாள். அதற்குள் அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தான்.

"கண்ணாடி வேண்டாங்க்கா," என்றான்.

மகளைத் தூக்கிவந்து படத்துக்கு நேர் எதிரே உட்காரவைத்தான். முதல் பார்வை இவள் மேல்தான் விழவேண்டும். பெற்றவளுடைய பார்வை. அதற்குமுன் வேறு யார் நிற்க முடியும்?

வெள்ளைக் குச்சியின் முனையை உடைத்தான்.

வலது கண்ணில் ஒன்று.

இடது கண்ணில் ஒன்று.

மைதிலி பார்த்தாள். அவனுக்குத் தெரிந்தது. தனப்பிரியாவுக்கும் தெரிந்தது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு மாதம் கழித்து மைதிலி தன் மகளைப் பார்த்தாள்.

கனிஷ்காவும் பார்த்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு திரும்பினாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்க்கவில்லை. தன் தலைக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தாள்.

"அம்மா, இது யாரும்மா?"

ஹாலில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நீளமான பதில்போல. நடுவில் ஒருமுறை தலையாட்டினாள்.

"சரிம்மா," என்றாள்.

எழுந்து படத்துக்குக் கிட்டே போனாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, வலது கண்ணில் இருந்த புள்ளியை மெதுவாகத் துடைத்தாள். பிறகு இடது கண்ணில் இருந்ததை.